பிடிலுக்குள் மூன்று கைகள்

உடைந்த பிடிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் எனக்குக் கலக்கம் வருவதில்லை. விழுந்தது, பிளந்தது, ஒட்டினால் ஆயிற்று. "ஏற்கெனவே ஒரு எடத்துல ரிப்பேர் பண்ணினோம், சரியா வரல, கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் பெட்டியைத் திறக்கும்போதுதான் வயிற்றைப் பிசையும். முன்னால் வேலை செய்தவர் எதைப் போட்டு ஒட்டினார், எங்கே ஆணி அடித்தார், எதை மறைக்க எதைப் பூசினார் என்று தெரியாது. அவர் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும். அப்புறம்தான் பழைய உடைப்பின் பக்கமே போக முடியும். நான் பார்த்த பிடில் வேலையில் பெரும்பகுதி இந்த அவிழ்க்கும் வேலைதான்.

பிடிலுக்கு நான் வந்தது வீணை வழியாக. தஞ்சாவூரில் என் தாய்மாமா வீணை செய்கிறவர். பள்ளிக்கூடம் விட்டதும் அவர் பட்டறைக்குப் போய்விடுவேன். பண்ருட்டிப் பலாக்கட்டையில் குடம் குடைகிற இடத்தில் சீவல் கூட்டி அள்ளுவது முதல் உத்தியோகம். கொஞ்சம் வளர்ந்ததும், மெட்டுகளை நிறுத்தி மேளம் கட்டும்போது பக்கத்தில் உட்கார விட்டார். வீணையின் 24 மெட்டும் தேன்மெழுகில் கரி சேர்த்துப் பிசைந்த மெழுகின்மேல்தான் நிற்கின்றன. ஆணி கிடையாது, பசை கிடையாது. வெயில் காலத்தில் மெழுகு இளகும், மெட்டு அசையும், ஸ்வரம் பிசகும். சில வருடங்கள் போனதும் மெழுகு முழுவதையும் வழித்தெடுத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும்.

"ஏன் மாமா, ஒரேயடியா இறுக்கிட்டா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மெட்டு தேயும், தந்தி மாறும், வாசிக்கிறவங்க காதும் மாறும். நாளைக்கு ஒருத்தன் எடுத்துக் கட்ட வேணாமா? ஒட்டுறது பெரிய வித்தை இல்லடா. பிரிக்கிறவனுக்கு வழி விட்டு ஒட்டணும்."

வீணையைப் பற்றித்தான் சொன்னார். அது எவ்வளவு பெரிய சட்டம் என்று எனக்குப் புரியவைத்தது பிடில்.

பிடில் வீணைப் பட்டறைக்கு வருவதற்குக் காரணம் இருந்தது. அதற்கென்று போக வேறு இடம் கிடையாது. பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் இந்த வாத்தியத்தைக் கற்றுக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு அதைத் திருவனந்தபுரம் அரண்மனை வரை எடுத்துப்போனார். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பிடில் இல்லாமல் கச்சேரி இல்லை என்ற நிலை வந்துவிட்டது. சம்மணமிட்டு உட்கார்ந்து, பிடிலின் தலைச் சுருளை வலது கணுக்காலில் ஊன்றி, ஸ–ப–ஸ–ப என்று சுருதி கூட்டி, கமகத்துக்கு விரலை வழுக்கவிட்டு வாசிக்கும் முறையை நம்மவர்கள் தாங்களே உண்டாக்கினார்கள். வாத்தியம் கப்பலேறி வந்தது. அதைப் பழுதுபார்க்கும் கைத்தொழில் கூடவே வரவில்லை. சென்னையில் ஓரிருவர் இருந்திருக்கலாம். ஜில்லாக்களில் பிடில் உடைந்தால் வீணை செய்கிறவர், அவரும் இல்லாத ஊரில் கட்டில் மேசை செய்கிற தச்சர். அவர்கள் யாரும் கைத்திறன் குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் கையில் கிடைத்த சாமான் உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்லித்தர ஆளில்லை.

வெளியே பார்த்தால் பிடில் ஒரு மூடிய பெட்டி. மேல்பலகை ஸ்புரூஸ் மரம். பெரும்பாலான இடங்களில் 3 மில்லிமீட்டர்கூட இராது. அடிப்பலகையும் பக்கப்பலகையும் மேப்பிள். நான்கு தந்திகளையும் மேல்நாட்டுச் சுருதிக்கு ஏற்றினால் இழுப்பு 20 கிலோவைத் தாண்டும். நம் சுருதி பெரும்பாலும் அதைவிட இறக்கம்தான் என்றாலும் அந்த மெல்லிய பலகைக்கு அதுவே பெரிய சுமை. தந்திகளைத் தாங்கும் குதிரை வழியாகக் கீழே அழுத்தும் பாரத்தை, இடப்பக்கம் உள்ளே ஒட்டியிருக்கும் பாஸ் பார் என்ற நீளக் கட்டையும், வலப்பக்கம் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு குச்சியும் வாங்கிக்கொள்கின்றன. அந்தக் குச்சி சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன். ஆணியும் பசையும் இல்லாமல் இரண்டு பலகைகளுக்கு நடுவே பிடிமானத்தில் மட்டும் நிற்கிறது. அதை ஒரு நெல்லளவு நகர்த்தினாலும் நாதம் மாறும்.

இவ்வளவையும் சேர்த்துப் பிடிப்பது வஜ்ஜிரம். மாட்டுத் தோலிலிருந்து எடுக்கிற பழைய தச்சுப் பசை. கட்டியாக வரும்; இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து இளக்க வேண்டும். சூடு 60 டிகிரியை ஒட்டி நிற்கவேண்டும். கொதித்தால் பலம் போய்விடும். நாற்றம் தெருமுனை வரைக்கும் வரும். கை வைத்த சில நொடிகளில் இறுகத் தொடங்கிவிடும் என்பதால் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இத்தனை தொல்லையையும் ஐரோப்பியப் பிடில் கைவினைஞர்கள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் வஜ்ஜிரத்தின் இரண்டு குணங்கள். காய்ந்தால் கல். சூடும் ஈரமும் கொடுத்தால் மறுபடி இளகும்.

மேல்பலகையை ஒட்டும்போது வஜ்ஜிரத்தை வேண்டுமென்றே நீர்க்க வைத்துத்தான் பூசுவார்கள். சித்திரை வெயிலில் மரம் சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். அப்படி இழுபறி வரும்போது மரம் பிளப்பதற்கு முன் ஒட்டு விட்டுக்கொடுக்க வேண்டும். ஓரம் ஓரங்குலம் திறந்துகொண்டால் பிடில் இரையும், வாசிப்பவர் கொண்டுவருவார், கொஞ்சம் வஜ்ஜிரம் விட்டுக் கிளாம்ப் போட்டால் மறுநாள் எடுத்துப்போகலாம். ஓரம் திறப்பது கோளாறு அல்ல, காவல். இது தெரியாமல்தான் பாதிப் பிடில்கள் வீணாகின்றன.

அப்படிப்பட்ட ஒரு பிடிலைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். திருவையாற்றுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மாள் கொண்டுவந்தார். என்னைவிட மூத்தவர். அவருடைய அப்பா ஊரில் பிள்ளைகளுக்குப் பிடில் சொல்லிக்கொடுத்தவர். "அப்பா போனதுக்கப்புறம் மச்சுமேலயே கெடந்துச்சு தம்பி. பேத்தி கத்துக்கணும்னா. எறக்கிப் பாத்தா பொளந்திருந்துச்சு. டவுன்ல ஒரு கடையில குடுத்தோம். பளபளன்னுதான் குடுத்தாங்க. சத்தம் மட்டும் வரல."

உள்ளே எட்டிப் பார்த்தால் லேபிளில் ஸ்ட்ராடிவாரியின் பெயர். "அப்பா இத இத்தாலிப் பிடில்னு சொல்வார்" என்றார். அவர் மனம் நோகாமல் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. கிரெமோனாவின் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1737-இல் இறந்தார். அவர் செய்த வாத்தியங்களில் இன்று மிஞ்சியிருப்பவை 650 அளவில்தான். அவர் பெயர் போட்ட லேபிளோ, ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷென் வட்டாரத்திலிருந்தும் பிரான்சின் மிர்க்கூரிலிருந்தும் லட்சக்கணக்கில் புறப்பட்ட பிடில்களில் ஒட்டப்பட்டது. ஏமாற்று என்றுகூட அதைச் சொல்ல முடியாது. இன்னாருடைய மாதிரியில் செய்தது என்ற அர்த்தத்தில் ஒட்டினார்கள். அயல்நாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று பிரிட்டன் 1887-லும் அமெரிக்கா 1890-லும் சட்டம் போட்டன. அதற்குப் பிறகு பல லேபிள்களின் அடியில் ஜெர்மனி என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. இந்த லேபிளிலும் அது இருந்தது. "ஜெர்மன் பிடில்மா. நல்ல பிடில்தான்" என்றேன். உண்மையிலேயே நல்ல மரம். ஓரத்தில் சுற்றி ஓடும் கறுப்புக் கோடு மையால் வரைந்ததல்ல, பதித்த மரச்சீவல். கழுத்தின் வளைவு கைக்கு இதமாக இருந்தது.

அதன் மேனி முழுக்கப் பிளாஸ்டிக் பளபளப்பு. மேசைக்குப் பூசும் பாலியூரித்தேன் வார்னிஷைப் பழைய வார்னிஷின் மேலேயே இரண்டு மூன்று பூச்சு பூசியிருந்தார்கள். சுருளில் கணுக்கால் பட்டுப்பட்டு வார்னிஷ் போன இடம், முகவாய்க்கட்டை பக்கத்துத் தேய்மானம், வில் உரசிய தடம் எல்லாம் அந்தப் பூச்சுக்கு அடியில் அமுங்கிக் கிடந்தன. குதிரையைப் பார்த்தேன். கடையில் வாங்கியதை அப்படியே நிறுத்தியிருந்தார்கள். குதிரையின் பாதத்தைப் பலகையின் வளைவுக்கு ஏற்றபடி அணுவளவு இடைவெளி இல்லாமல் செதுக்க வேண்டும். இங்கே இடைவெளியை மூட அடியில் அட்டைத்துண்டு. தந்தி ஃபிங்கர் போர்டிலிருந்து அவ்வளவு உயரத்தில் நின்றதால் அந்தக் குழந்தை அழுத்தியிருந்தால் விரல் கிழிந்திருக்கும்.

பலகையை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனேன். ஒட்டு விட்ட இடத்தில் ஓசை செத்துக் கேட்கும். இதில் எங்கும் ஒட்டு விடவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகம். மச்சில் பல கோடைகள் கிடந்த பிடிலில் ஓர் இடம்கூடத் திறக்கவில்லை என்றால் அது வஜ்ஜிரமாக இருக்க முடியாது. தந்திகளின் அடிநுனியைப் பிடித்திருக்கும் டெயில் பீஸைக் கழற்றி, கீழ்க்கட்டையின் துளை வழியே கண்ணை வைத்துப் பார்த்தேன். சவுண்ட் போஸ்ட் சாய்ந்து நின்றது. அதன் தலையைச் சுற்றி மஞ்சளாக ஏதோ வழிந்து இறுகியிருந்தது. அரால்டைட்.

மேல்பலகையைத் திறக்கச் சம்மதம் வாங்கினேன். "தெறந்தா தாங்குமா?" என்று கேட்டார். "தெறக்காம ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்றேன்.

வஜ்ஜிரம் போட்ட பிடிலைத் திறப்பது ஓர் இன்பமான வேலை. மழுங்கிய மெல்லிய கத்தியை ஓரத்தில் செருகி இலேசாக நெம்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ஒட்டு சுத்தமாக விட்டுவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சுற்றி வரலாம். இதன் ஓரத்தில் இருந்ததோ பெவிகால். அது அப்படியல்ல. கட்டிலுக்கும் அலமாரிக்கும் அதைப்போல நல்ல பசை கிடையாது. பிரிக்க வேண்டாத சாமான்களுக்காக வந்தது அது. பிடிலில் போட்டால் கத்திக்கு இழுபடும், மசியாது, ஸ்புரூஸின் நாரையும் தன்னோடு பிடுங்கிக்கொண்டு வரும். கத்தியைச் சூடாக்கி, துணியை வெந்நீரில் நனைத்து ஓரத்தில் ஒற்றி, அது வெளுத்து இளகும்வரை காத்திருந்து, விரல்கடை விரல்கடையாக நகர வேண்டியிருந்தது. பக்கப்பலகையோடு தங்கிவிட்ட நார் ஒவ்வொன்றையும் எடுத்துக் காகிதத்தில் வரிசையாக வைத்தேன். எல்லாவற்றையும் திரும்ப அதனதன் இடத்தில் வைக்க வேண்டும்.

திறந்ததும் உள்ளே மூன்று பேருடைய கை தெரிந்தது.

முதல் கை மிகப் பழையது. இடப்பக்கம் மேல்பலகையில் ஒரு மயிரிழைப் பிளவு. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியவில்லை. உள்ளே பிளவின்மேல் மூன்று சிறு மரத்துண்டுகள் ஒட்டியிருந்தன. பலகையின் நார் ஓடும் திசைக்குக் குறுக்காக அவற்றின் நார். ஓரம் பலகையோடு கரைந்துபோகும்படி சீவியிருந்தார். கனத்தைக் கூட்டவே இல்லை. வஜ்ஜிரம் ஒரு சொட்டுக்கூட வெளியே வழிந்திருக்கவில்லை. ஜெர்மனியிலேயே செய்ததா, சென்னையில் யாராவது செய்ததா, தெரியாது. பெயரும் எழுதவில்லை. திறந்தால் ஒழியத் தெரியாத இடத்தில் இவ்வளவு நறுவிசாக ஒருவர் வேலை செய்திருக்கிறார். அதில் நான் தொட வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

இரண்டாவது கை தச்சருடையது. அம்மாளுக்கே நினைவிருந்தது. கோயில் உற்சவத்தில் அவர் அப்பா வாசிக்கப் போக வேண்டிய நாளில் ஓரம் திறந்து பிடில் இரைந்திருக்கிறது, கழுத்தும் ஆடியிருக்கிறது. அடுத்த தெரு ஆசாரி வந்து சாயங்காலத்துக்குள் சரிபண்ணிக் கொடுத்தார். சுற்றிலும் பெவிகால் வைத்துக் கயிறு கட்டி இறுக்கினார். கழுத்தின் அடியிலிருந்து உள்கட்டைக்குள் நீள ஆணி ஒன்றை இறக்கினார். ஸ்ட்ராடிவாரி காலத்தில் கழுத்துக்கு ஆணி அடித்ததுண்டு. ஆனால் பெட்டியை மூடுவதற்கு முன், உள்ளேயிருந்து அடிப்பார்கள். வெளியிலிருந்து அடித்த இந்த ஆணி துருவேறி, சுற்றியிருந்த மேப்பிளைக் கருக்கிப் பிளந்திருந்தது. கச்சேரி அன்றைக்கு நடந்தது. அந்த ஆசாரிக்கு வாத்தியார் வேட்டி துண்டு கொடுத்து மரியாதை செய்தாராம். கொடுத்தது சரிதான், கேட்டதை அவர் செய்துகொடுத்தார்.

அந்த வேலைக்கு வட்டி பின்னால் வந்தது. பிடில் மச்சுக்குப் போனது. கோடையில் மேல்பலகை குறுக்குவாட்டில் சுருங்கப் பார்த்தது, ஓரம் விட்டுக்கொடுக்கவில்லை. டெயில் பீஸின் கயிறு படிகிற இடத்தில் ஒரு கருங்காலித் துண்டு பதித்திருக்கும். அது நீளவாட்டில் சுருங்காது. அதன் மூலையில் முட்டிக்கொண்ட பலகைக்குப் போக்கிடம் இல்லை. அங்கே தொடங்கிய பிளவு மேலேறிக் குதிரையின் வலது பாதத்துக்கு அடியில், சவுண்ட் போஸ்ட் நிற்கிற இடம் வரைக்கும் வந்துவிட்டது. மேல்பலகையில் பிளவு வரக்கூடாத இடம் அது. கீழிருந்து குச்சி முட்டும், மேலிருந்து குதிரை அழுத்தும். வஜ்ஜிரம் போட்டு ஒட்டியிருந்தால் அதிகம் போனால் ஓரம் திறந்திருக்கும்.

மூன்றாவது கை அந்தக் கடையுடையது. பிளவின் இரு உதடுகளையும் சமமாகச் சேர்க்கவில்லை. ஒன்று மேடு, ஒன்று பள்ளம். நடுவில் மரத்தூளை அரால்டைட்டில் குழைத்து அப்பியிருந்தார்கள். மேடு தெரியாமலிருக்க வெளியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் பலகை அந்த இடத்தில் இன்னும் மெலிந்துவிட்டது. குச்சி விழாமலிருக்க அதையும் ஒட்டினார்கள். குச்சியின் நீளம் அதிகம். நுனியைப் பலகையின் சாய்வுக்குச் சீவவும் இல்லை. அதை உள்ளே திணித்ததில் பிளவு ஒட்டிய பிறகும் மேலே புடைத்துக்கொண்டு நின்றது. இத்தனையையும் மறைக்கத்தான் பளபளப்பு. தச்சர் செய்தது அறியாமையால். இது அப்படியல்ல. தெரியக்கூடாது என்பதற்காகச் செய்த வேலை.

அவிழ்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆணியைச் சுற்றி உளி நுனியால் மரத்தைக் கொஞ்சம் எடுத்துத்தான் இழுக்க முடிந்தது. அந்தக் குழியை மேப்பிள் துண்டு வைத்து அடைத்தேன். பெவிகால் இருந்த இடம் முழுவதையும் வெந்நீர் தொட்டுச் சுரண்டினேன். அதன் மிச்சம் இருந்தால் வஜ்ஜிரம் பிடிக்காது. பிளவின் ஓரத்தில் எண்ணெயும் ஏறியிருந்தது. நம் வித்வான்கள் விரல் வழுக்கத் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொள்வார்கள். அது நாளடைவில் திறந்த பிளவுக்குள் இறங்கிவிடும். எண்ணெய் குடித்த மரத்தில் எந்தப் பசையும் நிற்காது. அரால்டைட் தண்ணீருக்கு அசையவில்லை. சூடு காட்டி இளக்கி, ஊசி நுனியால் துணுக்குத் துணுக்காகப் பெயர்த்தேன். பாதிக்குமேல் வந்தது. மீதியை எடுப்பதென்றால் மரத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும், அங்கேயே விட்டுவிட்டேன். சவுண்ட் போஸ்ட் முட்டும் இடத்தில் உள்பக்கம் ஆழமில்லாத குழி எடுத்து, பழைய ஸ்புரூஸில் துண்டு சீவி, சாக்குக்கட்டியைப் பூசி வைத்துப் பார்த்துப் படியவைத்துப் பதித்தேன். புதுக்குச்சி நிறுத்தினேன். அதை ஒட்டவில்லை.

பாலியூரித்தேனை எடுக்கவில்லை. அதைக் கரைக்கிற எதுவும் அடியிலிருக்கும் பழைய வார்னிஷையும் கரைத்துவிடும். அந்தப் பளபளப்பு இனி அந்தப் பிடிலோடு இருக்கும்.

கூலியைச் சொன்னபோது அம்மாளின் மகன் சிரித்தார். "ஒட்டுறதுக்கு இவ்வளவா?" "ஒட்டுறதுக்குக் கொஞ்சந்தான் தம்பி. பிரிச்சதுக்குத்தான் மிச்சம்" என்றேன். உடைந்தபடியே முதலில் என்னிடம் வந்திருந்தால் இதில் கால்பங்கு ஆகியிருக்காது. இதை அவரிடம் சொல்லவில்லை. போனதைச் சொல்லி என்ன. அந்தக் கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னால் வேலை செய்தவரை வாடிக்கையாளர் எதிரில் ஏசக்கூடாது என்பது மாமா வைத்த இன்னொரு சட்டம். ஏசினால் நம் கூலியை நியாயப்படுத்த ஏசுகிற மாதிரி ஆகிவிடும். என்ன செய்யப்பட்டிருக்கிறது என்பதைக் கண்ணாடி வைத்துக் காட்டலாம். பார்ப்பவருக்கே புரியும்.

பிடில் பேசியது. நாதம் கொஞ்சம் கனத்துத்தான் வந்தது. வார்னிஷ் கழுத்தைப் பிடித்திருந்தது. "அப்பா வாசிச்சப்ப இப்படியா இருந்துச்சு?" என்று அம்மாள் கேட்டார். "எனக்குத் தெரியாதும்மா. இப்ப இது நல்லா வாசிக்க வரும்" என்றேன். பேத்தி அதில்தான் வர்ணம் வரைக்கும் வந்திருக்கிறாள் என்று பின்னால் தகவல் வந்தது. வலப்பக்கத்துப் பிளவு மட்டும் கறுப்புக் கோடாக இன்றும் தெரியும். விற்கப் போனால் விலையில் பெரும்பகுதியை அந்தக் கோடு எடுத்துக்கொள்ளும்.

இதைப்போல எத்தனையோ பார்த்தாயிற்று. தந்தியை முறுக்கும் பிரடை வழுக்குகிறதென்று குங்கிலியத்தூளைக் கொட்டியதில் துளையோடு இறுகிப்போன பிரடை. பிரடைத் துளை பெரிதாகிவிட்டதென்று காகிதம் சுற்றிச் செருகியது. சவுண்ட் போஸ்ட்டுக்குப் பதில் வெட்டிய பென்சில். மேல்பலகையின் எஃப் ஓட்டை வழியே பார்த்தால் கம்பெனி பெயரைப் படிக்கலாம். முன்பின்னாகத் திருப்பி நிறுத்திய குதிரை. ஃபிங்கர் போர்டு பெயர்ந்துவிட்டதென்று சூப்பர் குளூ ஊற்றி, ஒருபக்கம் சாய்ந்தபடியே இறுகவிட்டது. இவற்றில் சில அரைமணி வேலை. சில பிடிலையே குடித்துவிடும். எது எந்த வகை என்பதை முடிவுசெய்வது ஒரே கேள்வி: இதைத் திரும்பப் பிரிக்க முடியுமா?

ஸ்ட்ராடிவாரியின் பிடில்கள் ஏன் இன்னும் மேடையில் இருக்கின்றன என்று கேட்டால் மரத்தையும் வார்னிஷையும் பற்றி ஆயிரம் கதை சொல்வார்கள். தொழில் தெரிந்தவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். அவர் வைத்த கழுத்தும் பாஸ் பாரும் இன்று ஏறக்குறைய எந்தப் பிடிலிலும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் சுருதி ஏறி, தந்தியின் இழுப்பு கூடி, அரங்குகள் பெரிதானபோது அந்தப் பிடில்களைத் திறந்து, கழுத்தைச் சாய்த்து நீட்டி, கனமான பாஸ் பார் வைத்து மூடினார்கள். அப்படித் திறக்க முடிந்ததற்குக் காரணம் அவர் வஜ்ஜிரம் போட்டு ஒட்டியிருந்தது. அவர் காலத்தில் அரால்டைட் இருந்து அதைப் போட்டிருந்தால் அந்தப் பிடில்கள் அருங்காட்சியகத்தில் பார்க்க மட்டும் உதவும்.

இப்போது நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. முறையாகப் படித்துவிட்டு வந்த இளைஞர்கள் நகரங்களில் இருக்கிறார்கள். வஜ்ஜிரம் குருணையாகப் பொட்டலத்தில் கிடைக்கிறது. சூட்டைப் பார்த்துக்கொள்ளும் மின்கிண்ணமும் வந்துவிட்டது. ஆனாலும் மார்கழி வந்தால், நாளைக்குக் கச்சேரி, இன்றைக்கே வேண்டும் என்ற அவசரம் அப்படியே இருக்கிறது. மழை ஈரத்திலிருந்து ஏசி சபாவுக்குள் போகும் பிடிலில் ஓரம் திறக்கத்தான் செய்யும். மோசமான ரிப்பேர்களில் பாதி அந்த ஒரு மாதத்தில்தான் பிறக்கின்றன.

ஆகவே வீட்டில் பிடில் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லிக்கொள்வது இதுதான். பிடில் பிளந்தால் தந்திகளை இலேசாகத் தளர்த்துங்கள். முழுக்க அவிழ்த்துவிட்டால் சவுண்ட் போஸ்ட் விழுந்துவிடும். தெறித்த சில்லு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஒரு கவரில் போட்டுப் பெட்டியில் வையுங்கள். பிளவில் விரல் வைக்காதீர்கள்; எண்ணெயும் வியர்வையும் இறங்கும். வீட்டிலிருக்கும் எந்தப் பசையையும் தொடாதீர்கள், எந்தப் பாலிஷும் பூசாதீர்கள். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தப் பசை போடுவீர்கள், பிறகு ஒருநாள் இதைப் பிரிக்க முடியுமா? முதல் கேள்விக்கு வஜ்ஜிரம் என்றும் இரண்டாவதற்கு முடியும் என்றும் பதில் வந்தால் பிடிலைக் கொடுங்கள். வேறு பதில் வந்தால் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிடுங்கள். உடைந்த பிடில் ஐம்பது வருடம்கூடக் காத்திருக்கும்; கெட்டுப்போகாது.